அறுபதைத் தாண்டியவர்கள் அமெரிக்கக் கல்லூரி வகுப்பில் இடம் பிடிப்பது எப்படி?

காலை எட்டேகாலுக்குப் பேரனின் மஞ்சள் பஸ் கிளம்பிவிடும். மகளும் மாப்பிள்ளையும் அதற்கு முன்பே வேலைக்குப் போயிருப்பார்கள். அப்புறம் மதியம் மூன்றரை வரை வீட்டில் நானும் டிஷ்வாஷரும்தான். அரியலூர்ப் பக்கம் தபால் ஆபீஸ் கவுண்டரில் 34 வருடம் உட்கார்ந்தவள் நான். ஆர்.டி. கட்ட வருபவர், மணியார்டர் வந்ததா என்று கேட்பவர், பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுபவர் என்று நாளைக்கு நூறு பேரோடு பேசிப் பழகிய வாய்க்கு, ஓஹியோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பேச ஆள் இல்லை. முதல் குளிர்காலத்தில் சீரியல் மாமியார்களோடு நானே சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர், பள்ளிப் பிள்ளை மாதிரி முதுகில் பையை மாட்டிக்கொண்டு காரில் ஏறுவதைப் பார்த்தேன். எங்கே என்று கேட்டேன். "வகுப்புக்கு" என்றார்.

இப்போது நானும் போகிறேன். ஆறு செமஸ்டர் முடிந்துவிட்டது. பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கும், 'அம்மா வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே' என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கும் உபயோகப்படட்டும் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இதில் பாதி என் தவறுகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

ஓஹியோவில் 60 வயது ஆனவர், மாநிலத்தில் ஒரு வருடமாவது குடியிருந்தவர் என்றால், அரசுப் பல்கலைக்கழக வகுப்புகளில் கல்விக் கட்டணம் இல்லாமல் உட்காரலாம். இது பல்கலைக்கழகம் பார்த்துச் செய்யும் தர்மம் இல்லை, மாநிலச் சட்டம். கூடவே மூன்று நிபந்தனைகள் உண்டு. பட்டத்துக்கான மதிப்பெண் கிடையாது. வகுப்பில் இடம் மிஞ்ச வேண்டும். பாடம் நடத்தும் ஆசிரியர் சம்மதிக்க வேண்டும். ஆய்வுக்கூடப் பொருள்கள் மாதிரியான தனிச் செலவுகளுக்குக் கட்டணம் கேட்கலாம். எங்கள் ஊரின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இந்த ஏற்பாட்டை 'புரோகிராம் 60' என்பார்கள்.

இப்படி உட்காருவதற்கு இங்கே 'ஆடிட்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. தபால் ஆபீஸில் ஆடிட் என்றால் அதிகாரி வந்து பேரேட்டைப் புரட்டி, 2 ரூபாய் ஸ்டாம்ப் ஒன்று குறைகிறதே என்று நம்மை நிற்க வைத்துக் கேட்பது. இங்கே ஆடிட் என்றால் சும்மா உட்கார்ந்து கேட்பது. கேள்வி கேட்கப்படுவது நாம் இல்லை. அந்த நிம்மதியை அனுபவிக்கவே போகலாம்.

வேறு மாநிலத்தில் இருந்தால் உங்கள் மாநில விதியைத் தேடுங்கள். வர்ஜீனியாவில் 60 வயது, மினசோட்டாவில் 62, டெக்சாஸில் 65. நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 62 வயதுக்கு மேற்பட்ட, ஓய்வுபெற்ற மாநிலவாசிகளை ஆடிட் செய்ய விடுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 60 ஆனவர்களுக்கு 'கோல்டன் ஐ.டி.' என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் நிபந்தனை வேறு. எத்தனை பாடம், பணம் கட்ட வேண்டுமா, மதிப்பெண் உண்டா என்பதையெல்லாம் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, ஆஷர் வாழ்நாள் கற்றல் நிலையங்கள். பெர்னார்ட் ஆஷர் அறக்கட்டளை 2001-ல் மெய்ன் மாநிலத்தில் பணம் கொடுத்துத் தொடங்கி வைத்தது, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. தேர்வு கிடையாது, வகுப்பில் இருக்கும் எல்லோரும் நம் வயதுக்காரர்கள், உறுப்பினர் கட்டணம் உண்டு. ஓஹியோவில் சின்சினாட்டியிலும் டேட்டனிலும் இருக்கிறது. இளம் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரக் கூச்சப்படுகிறவர்களுக்கு அதுதான் தோது. எனக்கு இளம் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருவதுதான் பிடித்திருக்கிறது. நம் வயதுக்காரர்கள் கூடினால் பத்தாவது நிமிஷம் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்து போகிறவர்களுக்கு ஓஹியோவின் ஒரு வருடக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் மனம் தளர வேண்டாம். பொது நூலகத்துக்கும், கேம்பஸில் எல்லோருக்கும் திறந்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போக யாரும் விசா கேட்பதில்லை. ஓஹியோ ஸ்டேட்டில் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் அருங்காட்சியகம் இலவசம். என் சம்பந்தி வந்திருந்தபோது மூன்று முறை போனார். தமிழ்நாட்டிலேயே இருப்பவர்கள் இக்னோவையோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையோ பார்க்கலாம். இக்னோவில் சேர வயது உச்சவரம்பே கிடையாது.

பாடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் முதலில் பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்குவார்கள். நானும் மயங்கினேன். 'உலக மதங்கள்' என்று ஒரு பாடம், ஜனவரியில், காலை எட்டு மணிக்கு. கண்ணை மூடிக்கொண்டு பதிந்தேன். மாப்பிள்ளை ஹை ஸ்ட்ரீட்டில் இறக்கிவிடுவார், அங்கிருந்து கோட்டா என்ற நகரப் பஸ், பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்து நிமிஷ நடை. வெளியே மைனஸ் 12 டிகிரி. மூன்றாவது வாரம் புத்த மதம் வரும் முன்பே நான் துறவு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல், மதியம் இரண்டுக்குள். அடுத்து, பஸ் நிறுத்தத்திலிருந்து கட்டடம் எவ்வளவு தூரம், படி ஏற வேண்டுமா, கழிவறை எந்த மாடியில் என்று பாருங்கள். வெட்கப்படாமல் ஒரு நாள் முன்கூட்டியே போய் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். கேம்பஸுக்குள் சுற்றும் கேப்ஸ் பஸ்ஸுக்குக் கட்டணம் கிடையாது, மாணவர் இல்லாதவரும் ஏறலாம். கார் ஓட்டுகிறவர்கள் பார்க்கிங் விதியைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் அதைப் படிக்காமல் நிறுத்தி அபராதம் கட்டிய ஒரு நல்லவர் இருக்கிறார், பெயர் சொன்னால் அடுத்த முறை என்னை இறக்கிவிட மாட்டார்.

முதல் செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கட்டும். அப்போது வெயில் இருக்கும், வழி பழகிவிடும், பனி விழும்போது கால் தானாகப் போகும். ஜனவரியில் தொடங்குகிற செமஸ்டருக்கு 'ஸ்பிரிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, வகுப்பின் அளவு. பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்பில் நமக்கு இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் முதல் முறையே வேண்டாம், வாய் திறந்தே ஆக வேண்டும். 100 பேர் உட்காரும் அறிமுக வகுப்பில் பதிவாகிற நாளில் நிரம்பியிருந்தாலும் இரண்டாவது வாரம் நாற்காலிகள் காலியாகிவிடும், பிள்ளைகள் விலகிக்கொண்டே இருப்பார்கள். அங்கே தொடங்கி, அடுத்த வருடம் 30 பேர் வகுப்புக்கு மாறுங்கள்.

பாடத்தின் பெயர் நான்காவது. நான் இரண்டாவது முறை எடுத்தது நிலவியல். காரணம் எல்லாம் ஒன்றும் இல்லை, செவ்வாய் வியாழன் பதினொன்றேகாலுக்கு, லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இருந்தது. அதுதான் என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஆனது.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

எல்லாமே இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. வழக்கமான மாணவர்கள் இடம் பிடித்த பிறகே நம் முறை வரும். அதுவும் ஆசிரியர் சரி என்றால்தான். நான் முதலில் எழுதிய மெயில் ஒரு பக்கம் நீண்டது. கணவர் போனது, 34 வருட சர்வீஸ், பி.பி. மாத்திரை, படிப்பின் மேல் சிறுவயதிலிருந்தே எனக்குள்ள தாகம், எல்லாம். மகள் படித்துவிட்டு, "அம்மா, இது கருணை அடிப்படையில் வேலை கேட்கிற மனு மாதிரி இருக்கு" என்றாள். இருவரும் உட்கார்ந்து வெட்டினோம். மிஞ்சியது இவ்வளவுதான், தமிழில் தருகிறேன்:

'வணக்கம் பேராசிரியரே. நான் புரோகிராம் 60 வழியாக ஆடிட் செய்ய விரும்புகிறேன். செவ்வாய், வியாழன் பதினொன்றேகால் மணி வகுப்பில் பதிவான மாணவர்கள் போக ஒரு இடம் மிஞ்சினால் உட்கார அனுமதி கேட்கிறேன். எல்லா வகுப்புக்கும் வருவேன். தேர்வு எழுத மாட்டேன், நீங்கள் திருத்த வேண்டியது எதுவும் தரமாட்டேன். சிலபஸ் அனுப்பினால் முதல் வாரப் பாடத்தைப் படித்துக்கொண்டு வருகிறேன்.'

தலைப்பில் பாடத்தின் எண்ணும் 'புரோகிராம் 60' என்ற சொல்லும் இருக்கட்டும். 'திருத்த வேண்டியது எதுவும் தரமாட்டேன்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள், ஆசிரியர்களுக்கு அது தேன். செமஸ்டர் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு அனுப்புங்கள். கோடை விடுமுறை நடுவில் அனுப்பினால் புதைந்துவிடும். ஒன்றுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காமல் மூன்று பாடங்களுக்கு எழுதுங்கள். எனக்கு ஒருவர் 'இடமில்லை, மன்னிக்கவும்' என்று இரண்டே சொல்லில் எழுதினார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் சிலபஸை இணைத்து, 'இரண்டாவது வரிசையில் உட்காருங்கள், முதல் வரிசையில் ப்ரொஜெக்டர் கண்ணைக் கூசும்' என்று எழுதினார். அவர்தான் நிலவியல் ஆசிரியர்.

பதிவு செய்யும்போது வயதுக்கும் முகவரிக்கும் சான்று தேவைப்படும். கார் ஓட்டாதவர்கள் முன்னதாகவே மாநில அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பயம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடக் குறிப்பு, அறிவிப்பு எல்லாம் 'கார்மன்' என்ற தளத்தில் வரும். உள்ளே போகக் கடவுச்சொல் மட்டும் போதாது, கைபேசியிலும் 'நான்தான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மூர் பேங்க் ஓ.டி.பி. மாதிரி. அதனால் கைபேசியைச் சார்ஜரில் மாட்டிவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மகனையோ மகளையோ உட்காரவைத்து நான்கு முறை நீங்களே உள்ளே போய் வெளியே வாருங்கள். அவர்கள் செய்து காட்டினால் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் ஒன்றும் ஞாபகம் இராது.

புத்தகம் வாங்க அவசரப்பட வேண்டாம், சில பாடப்புத்தகம் 100 டாலருக்கு மேல். நூலகத்தில் ரிசர்வ் பிரதி, அதாவது அங்கேயே உட்கார்ந்து படிக்க ஒதுக்கிய பிரதி, இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய பதிப்பு போதுமா என்று ஆசிரியரைக் கேளுங்கள். தாம்சன் நூலகத்தின் 11-வது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே தெரியும். நான் அங்கே படித்ததை விட வேடிக்கை பார்த்தது அதிகம்.

முதல் நாள், முதல் மாதம்

முதல் நாள் நான் இருபது நிமிஷம் வேறு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அறை எண் சரிதான், கட்டடம்தான் பக்கத்துக் கட்டடம். கரும்பலகையில் சமன்பாடு வந்தபோதே சந்தேகம் வந்தது, ஆனாலும் பூமிக்கும் ஏதோ கணக்கு இருக்கும் என்று பேசாமல் குறிப்பு எடுத்தேன். அப்புறம் மெதுவாக எழுந்து, தலையைக் குனிந்து, நாலு பேர் காலைத் தாண்டி வெளியே வந்தேன். சரியான அறைக்குள் நுழைந்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே பிள்ளைகள் பாதியில் வருவார்கள், பாதியில் போவார்கள், சாண்ட்விச் சாப்பிடுவார்கள். அடுத்த வகுப்பில் ஆசிரியர் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன். 90 பேரில் நான் ஒருத்தி மட்டும். அவர் ஒரு நொடி திகைத்து, பிறகு எனக்கு மட்டும் லேசாகத் தலையசைத்தார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

முதல் மூன்று வாரம் ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தந்தி, ரெஜிஸ்டர் கடிதம், மேலதிகாரிக்கு மனு என்று ஆங்கிலத்தில்தானே எழுதினேன். ஆனால் இவர்கள் சொற்களை மென்று விழுங்குகிறார்கள். மூன்று காரியம் உதவியது. ஒன்று, முதல் நாள் இரவே பாடத்தைப் படித்துவிட்டுப் போனேன், படித்த சொல் காதில் விழும்போது பிடித்துக்கொள்ளலாம். இரண்டு, கைபேசியில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்ற செயலி. பேசுவதை அப்படியே எழுத்தாகக் காட்டும், காது மந்தமானவர்களுக்கும் அது பெரிய உதவி. மேசையில் வைக்குமுன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்று, விட்டுப்போனதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தேன். நாம் தேர்வு எழுதப் போவதில்லையே.

வாய் திறப்பது பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பிள்ளையின் வீட்டில் வருடத்துக்கு 12,000 டாலருக்கு மேல் கல்விக் கட்டணம் மட்டும் கட்டுகிறார்கள். நாம் இலவசம். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தும்போது, பதில் தெரிந்தாலும் அந்த மௌனத்தை முதலில் அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். என்னோடு ஆடிட் செய்த ஒரு பெரியவர் ஒவ்வொரு வகுப்பிலும் "நான் சின்ன வயதில்..." என்று தொடங்குவார். அவர் கை உயர்ந்தால் பிள்ளைகள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் ஆசிரியரின் அறை வாசலிலும் போய் நிற்காதீர்கள், அந்த நேரம் அவர்களுடையது.

நான் ஐந்தாவது வாரம்தான் முதல் முறை கை தூக்கினேன். அன்று ஆசிரியர் ஒரு சாம்பல் நிறக் கல்லை மேசையில் வைத்து, சொட்டு மருந்துக் குப்பி மாதிரி ஒன்றிலிருந்து நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டார். கல் புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்புக்கல் என்பதற்கு அதுதான் சோதனை. இந்த ஊரின் அடியில் இந்தக் கல் நிறையக் கிடக்கிறது, ஓஹியோ மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடமே கொலம்பஸ் சுண்ணாம்புக்கல்லில் கட்டியது என்றார். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் வெப்பமான கடலாக இருந்ததாம். கல் கையிலிருந்து கைக்கு மாறி என்னிடம் வந்தது. விளிம்பில் ஒரு சிப்பி, வரிவரியாக, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

அந்த வரி என் விரலுக்குப் பழைய சிநேகம். அரியலூரில் நாங்கள் மழை விட்டதும் ஓடையில் இறங்கிக் கல்லான சிப்பியும் நத்தையும் பொறுக்குவோம், பல்லாங்குழிக்கு எடுத்துக்கொள்வோம். ஊரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் வந்ததே அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான். கை தூக்கினேன். எங்கள் ஊரிலும் கடல் இருந்தது, ஆனால் அது 10 கோடி ஆண்டுக் கணக்கு, பக்கத்து மாவட்டத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் முழுசாகக் கல்லாகிக் கிடக்கிறது, இந்தக் கல்லைச் சுட்டுத்தான் எங்கள் பாட்டி வெற்றிலையில் தடவிக்கொண்டாள் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போது வாய் உலர்ந்துவிட்டது. ஆசிரியர் என்னைக் கரும்பலகைக்கு வந்து 'சாத்தனூர்' என்று எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கை சும்மா இருக்காமல் கீழே தமிழிலும் எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் எங்களைப் பக்கத்திலிருக்கும் ஆர்ட்டன் ஹாலுக்குக் கூட்டிப்போனார். கேம்பஸுக்கு வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது, வெளியே நின்றுகூடப் பார்க்கலாம். 1893-ல் திறந்த கட்டடம். பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான எட்வர்ட் ஆர்ட்டன் ஒரு நிலவியலாளர். சுவரில் இருப்பது எல்லாம் ஓஹியோவின் கற்கள், பூமிக்குள் எந்த வரிசையில் கிடக்கின்றனவோ அதே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். பழையது அடியில், புதியது மேலே. கோபுர உச்சியில் நம்மூர் யாளி மாதிரி பிதுங்கி நிற்பவை அழிந்துபோன விலங்குகளின் உருவங்கள். உள்ளே ராட்சதத் தரைவாழ் ஸ்லாத் என்ற, அழிந்துபோன விலங்கின் எலும்புக்கூடு நிற்கிறது. கால் மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். அந்த மணிச்சத்தத்தில்தான் எனக்கு இந்த ஊர் ஊராகத் தெரிய ஆரம்பித்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் வந்து என் நோட்டைக் கேட்டான். நான் ஒரு வகுப்பும் தவறவில்லை, பேனாவால் தெளிவாக எழுதுவேன் என்று எப்படியோ கவனித்திருக்கிறான். கொடுத்தேன். அவன்தான் எனக்கு அந்த டிரான்ஸ்கிரைப் செயலியைப் போட்டுக்கொடுத்தது. பேனாவையும் இரவல் வாங்கினான். திருப்பிக் கொடுத்துவிட்டான், அதைச் சொல்ல வேண்டும்.

வகுப்புக்கு வெளியே

வகுப்பு என்பது வாரத்தில் மூன்று மணி நேரம்தான். மீதி நாளுக்கு ஆள் சேர்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஆடிட் செய்தவர்கள் நாலு பேர். அதில் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர் தானாக வந்து காபி குடிக்கலாமா என்று கேட்டார். அதற்கப்புறம் வியாழக்கிழமை தோறும் ஓஹியோ யூனியன் கட்டடத்தில் அரை மணி நேரம். அவரவர் காபிக்கு அவரவர் காசு, இங்கே அதுதான் வழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் முறுக்கு கொண்டுபோனேன். யாருக்காவது எள்ளோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிட்டு நீட்டுவது நல்லது.

செடி கொடியில் ஆசை உள்ளவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் சாட்விக் தோட்டத்தில் தன்னார்வ வேலை உண்டு. ஓஹியோவின் 88 மாவட்டத்துக்கும் ஓஹியோ ஸ்டேட்டின் விரிவாக்கப் பணி இருக்கிறது, அவர்கள் நடத்தும் 'மாஸ்டர் கார்டனர்' பயிற்சி எடுத்துக்கொண்டு ஊருக்குச் செடி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கலாம். முழங்கால் ஒத்துழைத்தால் நானும் போவேன்.

நான் செய்தது வேறு. கோவிலில் என்னைப் போலவே பேசாமல் உட்கார்ந்திருந்த பாட்டி தாத்தாக்களில் ஆறு பேரைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கூடுகிறோம். ஒருவர் பத்து நிமிஷம், அந்த வாரம் எங்காவது கேட்டதை, படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். கையில் ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், அதுதான் விதி. பொருள் இருந்தால் பேச்சு தடம் மாறாது. மின்வாரியத்தில் இருந்த ஒருவர் பழைய ஃபியூஸ் கட்டை கொண்டுவந்து அரை மணி நேரம் பேசினார், அவ்வளவு அருமை. வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கும் வகுப்பு இப்படி வீட்டுக்கு வந்துவிடுகிறது. இரண்டு பேர் அடுத்த வருடம் தாங்களே பதிவு செய்தார்கள்.

நீங்களும் தொடங்கினால் சில தடைகளை முதல் நாளே போட்டுவிடுங்கள். டீ வரும் வரை உடம்பு பற்றிப் பேசக்கூடாது. யார் பிள்ளை எவ்வளவு பெரிய வீடு வாங்கினான் என்ற கணக்கு டீக்குப் பிறகும் கூடாது. வாட்ஸாப் குழுவில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பக்கூடாது. மூன்றாவதை மட்டும் இன்றுவரை என்னால் அமல்படுத்த முடியவில்லை. யார் வண்டியில் யார் வருவது என்பதை வியாழன் இரவே பேசிவிடுங்கள். பனி கொட்டினால் வீடியோவில் கூடுங்கள், ரத்து மட்டும் செய்யாதீர்கள். இரண்டு வாரம் விட்டால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

அப்புறம் ஒன்று. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் கேம்பஸ் பக்கம் போகுமுன் ஃபுட்பால் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் அது, நூலகத்தில் விட்ட குடையை எடுக்கப் போய் நான் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் வகுப்புகள் முடியும். தேர்வு வாரத்தில் நமக்கு வேலை இல்லை. ஆசிரியருக்கு நாலு வரி நன்றி எழுதிவிட்டு, ஜனவரிப் பாடப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த மூன்று கடிதங்களைத் தயார் செய்யலாம். அந்த இடைவெளியில் நல்ல பிடிமானம் உள்ள பனி ஷூ ஒன்று வாங்குங்கள். கடையில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்து வாங்குங்கள், மகன் இணையத்தில் போடுகிறேன் என்றால் விடாதீர்கள். நடைபாதையில் கருப்பாக, ஈரம் மாதிரி மின்னினால் அது தண்ணீர் இல்லை, பனிக்கட்டி. பக்கத்தில் புல் இருந்தால் புல்லில் இறங்கி நடங்கள்.